சிக்கிள் செல் வலிக்குப் போன் வழிப் பயிற்சி: எங்கள் வீட்டில் செய்த விதம்

என் மகளுக்கு 16 வயது. பிறவியிலேயே சிக்கிள் செல் நோய், ரத்தத்தின் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். நானும் அவள் அப்பாவும் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம். அவர் வேலைக்காகக் கடலூர் வந்து, மஞ்சக்குப்பத்தில் குடியேறி 11 வருடம் ஆகிறது. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மலையில் இந்த நோயைச் சொன்னால் புரிந்துகொள்ள நாலு பேர் இருப்பார்கள். 1952லேயே நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து இந்த நோய்க்கான கூறு அதில் இருப்பதை எழுதி வைத்திருக்கிறார்கள். கடலூரில் எங்களுக்குத் தெரிந்து இந்த நோய் உள்ள பிள்ளை வேறு யாரும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல் நான் தடுமாறியதை இன்னொரு அம்மா தடுமாற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது, தினமும் விடாமல் இருக்கும் வலியோடு பிள்ளை பள்ளிக்குப் போகவும் தூங்கவும் சிரிக்கவும் போனை வைத்துச் செய்யும் பயிற்சி. டாக்டர்கள் சிபிடி என்பார்கள், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் எழுதுகிறார்கள். அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2020ல் வெளியிட்ட சிக்கிள் செல் வலி வழிகாட்டுதலில், நாள்பட்ட வலிக்கு மற்ற சிகிச்சைகளோடு சேர்த்து இதையும் பரிந்துரைத்திருக்கிறது. டொரான்டோவிலும் சியாட்டிலிலும் உள்ள குழந்தைகள் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் ஐகேன்கோப், வெப்மேப் என்று வளரிளம் பிள்ளைகளுக்கென்றே செயலிகள் செய்திருக்கிறார்கள். அவை ஆங்கிலத்தில் உருவானவை. எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் உளவியல் நிபுணர். வாரம் ஒருநாள், 40 நிமிடம், வீடியோ காலில், எட்டு வாரம். மற்றதெல்லாம் போனில் இருக்கும் ரெக்கார்டரும் டைமரும் ஒரு 40 பக்க நோட்டும்தான்.

முதலில் எந்த வலி என்று தெரிய வேண்டும்

இந்த நோயில் இரண்டு விதமான வலி உண்டு. சிவப்பணு அரிவாள் போல வளைந்து சின்ன ரத்தக்குழாயில் அடைத்துக்கொள்ளும்போது திடீரென்று பிடுங்கி எடுக்கும் வலி ஒன்று. கிரைசிஸ் என்பார்கள். அதற்கு மருந்து, தண்ணீர், மருத்துவமனை. இன்னொன்று, ஆறு மாதத்துக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் இருக்கும் வலி. துணியில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தைத்துப் பிரித்தால் அந்த இழை நலிந்துபோகும், அப்புறம் லேசாக இழுத்தாலே விட்டுவிடும். எத்தனையோ கிரைசிஸைத் தாங்கிய நரம்பும் அப்படித்தான், சின்னத் தூண்டலுக்கே பெரிதாக வலியைக் காட்டுகிறது. இந்த இரண்டாவது வலிக்குத்தான் பயிற்சி முக்கியமாக உதவுகிறது. கிரைசிஸ் நேரத்தில் மருந்துக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தினவலி என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. என் மகளுக்கு இடுப்பு வலி. முதலில் எக்ஸ்ரே, அப்புறம் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சி ஆரம்பித்தோம். இந்த நோயில் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் அந்த எலும்பே செத்துப்போகக்கூடும். அதற்கு வேறு வைத்தியம். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா, போலிக் ஆசிட் மாத்திரைகள், டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை, எதையும் பயிற்சியைக் காரணம் காட்டி நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல். நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது. ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, இதுவரை வராத மாதிரித் தலைவலி. திடீரென்று முகம் வெளுத்து, வயிறு இடதுபக்கம் வீங்குவது. ஆண்பிள்ளையாக இருந்தால் ஆணுறுப்பு விறைத்து வலித்துக்கொண்டே இருப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் போனைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட வேண்டும். மூச்சுப் பயிற்சி செய்து பார்ப்போம் என்று பத்து நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

‘நடிக்கிறாள்’ என்று சொன்னவர்களுக்காக அல்ல

உளவியல் நிபுணரைப் பார்க்கலாம் என்று சொன்னதும் என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு ஒரு வருடம் முன்பு, ஒரு மருத்துவமனை அவசரப் பிரிவில் இரவு இரண்டு மணிக்கு, “பார்த்தால் நல்லாத்தானே இருக்கா, பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாளா?” என்று அவள் காதுபடக் கேட்டார்கள். அதை அவள் மறக்கவில்லை. “நீயும் நான் நடிக்கிறேன்னு நினைக்கிறியா அம்மா?” என்று கேட்டாள்.

ஆகவே ஆரம்பிக்கும் முன் பிள்ளையிடம் இதைப் பேசிவிடுங்கள். நான் சொன்னது இதுதான்: “உன் வலி நிஜம். அந்த வலி உன் தூக்கத்தையும் சிநேகிதிகளையும் எடுத்துக்கிட்டுப் போகுது. அதைத் திரும்ப வாங்கத்தான் இந்தப் பயிற்சி.” அவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். வலி வரப்போகிறது என்ற பயம் வந்தாலே சிக்கிள் செல் உள்ளவர்களின் ரத்தக்குழாய் சுருங்குகிறது என்று சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். குழாய் சுருங்கினால் அடைப்பு சுலபமாகும். மனதை நிதானப்படுத்துவது உடம்புக்குள் செய்யும் வேலை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சரி என்றாள்.

மூச்சும் என் குரலும்

முதல் இரண்டு வாரம் வலி குறைவாக இருக்கும் நேரத்தில் மட்டும் பழகுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் முதலில் செய்த தவறு இதுதான். வலி ஏறின பிறகு போனை எடுத்து “மூச்சு விடு, மூச்சு விடு” என்றேன். அவள் போனைத் தள்ளிவிட்டாள். தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிற பிள்ளைகள் அலை அடிக்கிற நாளிலா நீச்சல் பழகுகிறார்கள்?

முறை இது. சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையை வயிற்றில் வைக்க வேண்டும். நாலு எண்ணும்வரை மூக்கு வழியே இழுத்து, ஆறு எண்ணும்வரை வாய் வழியே மெதுவாக விட வேண்டும். வயிற்றின் மேலுள்ள கை எழும்ப வேண்டும், தோள் எழும்பக் கூடாது. ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடலாம். காலை 7.15க்குப் பள்ளிக்குத் தலை பின்னும் முன் ஒருமுறை, இரவு படுக்கும்போது ஒருமுறை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். டைமரில் ஒலி வேண்டாம், அதிர்வு போதும்.

மருத்துவமனையில் மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தால் அதுவும் பயிற்சியில் சேர்த்திதான். எல்லாரும் “ஊது” என்றுதான் சொல்கிறார்கள். அதில் ஊதக் கூடாது, உள்ளே உறிஞ்ச வேண்டும். பந்து மேலே நிற்கும்படி மெதுவாக இழுக்க வேண்டும். நெஞ்சு, முதுகு வலியோடு கிரைசிஸில் படுத்திருக்கும் பிள்ளைக்கு நுரையீரல் சிக்கல் வராமல் தடுக்க அது உதவும். எத்தனை தடவை என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து கற்பனைப் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு பிடித்த ஓர் இடத்துக்கு மனதால் போவது. ஆங்கில ஆடியோ இரண்டு மூன்று போட்டுப் பார்த்தோம். பனி விழும் காட்டையும் மரக் குடிசையையும் சொன்னார்கள். குளிர் பட்டாலே வலி வரும் பிள்ளைக்குப் பனியைச் சொன்னால் எப்படி? அதனால் தமிழில் நானே பதிவு செய்தேன். இடத்தை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்த நிபுணர் சொல்லியிருந்தார். நான் வெள்ளி கடற்கரை என்று நினைத்தேன். அவள் கேட்டது கடலூரிலிருந்து பாண்டி போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட். கோரிமேட்டில் ஜிப்மருக்குப் போவதற்காக மாதாமாதம் ஏறுகிற அதே பஸ். அதில்தான் வலி மறந்து வேடிக்கை பார்ப்பாளாம்.

மிஷினை நிறுத்திவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, போனை வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசினேன். எட்டு நிமிடம். இப்படிப் போகும்: “பஸ் கிளம்பிடுச்சு கண்ணு. ஜன்னல் கம்பியில கை வெச்சிருக்க. வெயில் பட்ட கம்பி, இளஞ்சூடா இருக்கு. பெண்ணையாத்துப் பாலம் வருது. கீழே மணல், நடுவுல கொஞ்சம் தண்ணி. காத்து முகத்துல அடிக்குது, மூச்சை மெதுவா இழு... ரெட்டிச்சாவடி தாண்டியாச்சு. யாரோ மல்லி வாங்கிட்டு ஏறுறாங்க, வாசனை வருதா? மெதுவா விடு...” ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஐந்து வினாடி இடைவெளி. கண், காது, மூக்கு, தோல் எல்லாவற்றுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். சூடான விஷயங்களாகச் சேருங்கள். முதல் தடவை நான் வேகமாகப் படித்துவிட்டேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி என்று ஒன்று எல்லாச் செயலியிலும் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு மாற்றம் வேண்டும். வலிக்கிற கை காலை இறுக்கச் சொல்லக் கூடாது. அந்த இடம் வரும்போது “இங்கே தளர விடு” என்று மட்டும் சொல்லி அடுத்ததற்குப் போய்விடலாம். வலிக்கிற இடத்தில் ஐஸ் வைக்கும் யோசனை எங்கே பார்த்தாலும் அதைத் தாண்டிப் போங்கள். நமக்கு வெந்நீர்ப் பைதான்.

11 நிமிடக் கணக்கு

வலி இல்லாத நாளில் வீட்டு வேலை, டான்ஸ், மாடிப்படி என்று எல்லாவற்றையும் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பாள். இதை மாற்றியதுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம். அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

ஐந்து நாள், வலி கூடும்வரை எத்தனை நிமிடம் நடக்கிறாள் என்று போன் டைமரில் பார்த்து நோட்டில் எழுதினோம். 15, 20, 6, 18, 11. கூட்டினால் 70. சராசரி 14. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் ஏறக்குறைய 11. அந்த வாரம் முழுக்க 11 நிமிடம்தான் நடை. வலி இருந்தாலும் 11, வலியே இல்லாமல் துள்ளினாலும் 11. டைமர் அடித்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். நல்ல நாளில் நிறுத்துவதுதான் பிள்ளைக்குக் கஷ்டம். “இன்னும் முடியும்மா” என்பாள். முடியும் என்று தோன்றும்போதே நிறுத்தப் பழகுவதுதான் பயிற்சி. ஒவ்வொரு வாரமும் ஒரு நிமிடம் கூட்டினோம். சில மாதத்தில் 22 நிமிடம் வந்தது.

நடையோடு தண்ணீரும் சேர்த்தி. டைமர் அடித்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். அக்னி நட்சத்திரத்தில் காலை ஆறரைக்கு நடந்தோம், மார்கழியில் வெயில் ஏறின பிறகு. படிப்புக்கும் இதே கணக்கு. எழுத உட்கார்ந்தால் எத்தனை நிமிடத்தில் முதுகு பிடிக்கிறதோ அதற்குக் கொஞ்சம் முன்பே எழுந்துவிட வேண்டும். எனக்கும் இது நல்லதாகப் போயிற்று. முகூர்த்த மாதத்தில் மூன்று மணி நேரம் குனிந்தே தைக்கும் பழக்கம் எனக்கு. அவள் டைமர் அடிக்கும்போது நானும் எழுந்துகொள்கிறேன்.

நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது

நாலாவது வாரம் அந்த நிபுணர் மகளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் பேசினார். “நேத்து எத்தனை தடவை ‘வலிக்குதா’ன்னு கேட்டீங்க?” எண்ணிப் பார்க்கச் சொன்னார். மறுநாள் சாக்பீஸால் மிஷின் மேஜையில் கோடு போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குள் 23 கோடு. பிள்ளை டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுகூட நான் கேட்டிருக்கிறேன். கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவள் மனம் உடம்புக்குள் போய் வலியைத் தேடி எடுத்துவந்து எனக்குப் பதில் சொல்கிறது. அன்பால் கேட்டதுதான், ஆனாலும் மாற்றவேண்டியிருந்தது.

இப்போது காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, நோட்டில் அவளே ஓர் எண் எழுதுகிறாள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. எட்டு தாண்டினால் உடனே சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். நடுவில் நான் கேட்பதில்லை. “இன்னிக்கு லஞ்ச்ல யார்கூட உட்கார்ந்த?” என்று கேட்கிறேன். வலியோடு ஏதாவது செய்து முடித்தால் அதைச் சொல்லிப் பாராட்டுகிறேன். வலி நாளில் மட்டும் போன், டிவி, பரோட்டா என்று செல்லம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை எல்லா நாளுக்கும் பொதுவாக மாற்றினேன். பாட்டிகளுக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து போன் செய்யும் என் மாமியாரின் முதல் கேள்வியே “வலி எப்படிடா இருக்கு?” என்பதுதான். சொன்னதும் புரிந்துகொண்டார். இப்போது பூனைக்குட்டியைப் பற்றிக் கேட்கிறார்.

நோட்டு பிள்ளையுடையது. நான் எண்ணை மட்டும் பார்க்கிறேன். அவள் எழுதும் மற்றதைப் படிப்பதில்லை.

‘பரீட்சை போச்சு’

எண்ணத்தைத் திருத்தும் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை முழுசாகக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் துணை வேண்டும். வலி வந்ததும் மனதில் ஓடும் வரியை அப்படியே எழுத வேண்டும். என் மகள் எழுதியது: “இடுப்பு வலி ஆரம்பிச்சிடுச்சு, பரீட்சை போச்சு.” அதற்கு எதிரே “எல்லாம் சரியாயிடும்” என்று எழுதக் கூடாது. பிள்ளை அதை நம்பாது. நடந்ததை எழுத வேண்டும். அவள் எழுதினாள்: “அரையாண்டு கணக்குப் பரீட்சை அன்னிக்கும் வலி ஆறு. நடுவுல ரெண்டு தடவை எழுந்து நின்னேன். 61 வாங்கினேன்.” தன் வாழ்க்கையிலிருந்து எடுத்த சாட்சி அது. அதற்கு அடங்கின அளவுக்கு அவள் மனம் என் ஆறுதலுக்கு அடங்கினதில்லை.

பிள்ளை “இருந்து என்ன பிரயோசனம்” என்கிற மாதிரிப் பேசினால் இந்த நோட்டு போதாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, அழைக்கக் கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர்கள் அரசு மருத்துவமனை வழியாகக் கிடைப்பார்கள். வீடியோ காலில் தொடர முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

பள்ளியில் பேச ஒரு பிடி உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ன் பட்டியலில் சிக்கிள் செல் நோய் இருக்கிறது. சான்றிதழ் வாங்கியபின் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். தண்ணீர் பாட்டில், கழிவறை அனுமதி, கீழ்த்தளத்தில் வகுப்பு, நடுவில் எழுந்து நிற்க அனுமதி, இந்த நாலையும் ஒரே தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தேன். வாய்மொழியாகச் சொன்னது ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

கரண்டும் சிக்னலும் இல்லாத நாளுக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்கள் தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. ஈரக் குளிரில் அவளுக்கு முட்டி வலி ஏறியது. இணையத்தில் வைத்திருந்த ஆடியோ எதுவும் திறக்கவில்லை. நான் பதிவு செய்த அந்த எட்டு நிமிடம் மட்டும் போனுக்குள்ளேயே இருந்தது. 17 சதவீதம் சார்ஜில் அதை இரண்டு தடவை கேட்டோம், கம்பளிக்குள்ளே, கேஸ் அடுப்பில் சுடவைத்த வெந்நீர்ப் பையோடு. அதற்குப் பிறகு எல்லா ஆடியோவும் போன் மெமரியில் இருக்கிறது, டாக்டர் எண்களும் மாத்திரை அளவும் நோட்டின் பின்னட்டையில் பேனாவால் எழுதியிருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் பவர் பேங்கை நிரப்பி வைத்துவிடுகிறேன்.

இரவில் போன் வெளிச்சம் வேண்டாம். ஆடியோவை ஓடவிட்டுக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். தம்பியின் கேம் இருக்கிற போனாக இருந்தால் எட்டு மணிக்குப் பிறகு அது அக்காவுடையது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வாரத்தில் நோட்டில் உள்ள வலி எண் பெரிதாக இறங்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சராசரி ஐந்தரையிலிருந்து நாலரை ஆனது. பள்ளிக்குப் போன நாள்தான் கூடியது. இரவு எழுந்து உட்காருவது குறைந்தது. நடுவில் ஒரு கிரைசிஸ் வந்து ஐந்து நாள் அட்மிட் ஆனாள். அப்போது எல்லாம் வீணாயிற்று என்று எனக்குத் தோன்றியது. அப்படி வந்தால் வீடு திரும்பியதும் பழைய நிமிடத்தில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். 16 நடந்தவள் 8ல் ஆரம்பித்தாள், ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கு வந்தாள்.

மூன்று மாதம் ஆனதும் பிள்ளையையே புதிதாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். என் மகள் போன மாசம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் குரலில் பதிந்துகொண்டாள். என்னுடையதில் பஸ் அரியாங்குப்பத்தோடு நின்றுவிடும். அவளுடையது பாண்டி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகிறது, இறங்கி ஒரு கரும்பு ஜூஸும் குடிக்கிறாள், ஐஸ் போடாமல்.